பனிக்கு எந்த ரயர்?

பீற்றரின் ஜீப் தன் ரயர் கடை வாசலில் வந்து நின்றதும் குகதாசனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

லண்டன் வெம்பிளியில் சின்னக் கார் விடவே இடமில்லை. இந்த ஆள் எங்கிருந்தோ ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்திருக்கிறார். முன்பு வைத்திருந்தவன் அதை மூன்று அங்குலம் வேறு தூக்கிக் கட்டியிருந்தான். தேய்ந்த ரயர்களோடு அது கொக்கு மாதிரி நின்றது.

“என்ன பீற்றர், மலை ஏறப் போறீரோ?”

“சும்மா ஒரு ஆசை அண்ணை. பனிக்கு நல்ல ரயரா நாலு போட்டுத் தாங்கோ. இண்டைக்கே வேணும். இரவைக்குக் கொட்டப் போகுதாம்.”

“லண்டனிலை ரெண்டு நாள் பனிக்கு இவ்வளவு எடுப்போ?”

“ஜேர்மனியிலை எண்டால் அண்ணை, ஒக்டோபரிலையே எல்லாரும் ரயர் மாத்திப்போடுவினம்.”

தொடங்கிவிட்டார். பீற்றர் பத்தொன்பது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எதைப் பேசினாலும் ஜேர்மனியில்தான் போய் முடியும். ஆனால் அங்கே அவர் கார் ஓட்டியதே இல்லை; ரயிலில்தான் வேலைக்குப் போய்வந்தார். ரயர் மாற்ற வேண்டும் என்று தெரியுமே தவிர, எந்த அளவு என்று தெரியாது.

“எந்த சைஸ் நல்லம்? நீங்கள் சொன்னால் சரி அண்ணை.”

குகதாசனின் கண் கடையின் பின்பக்கம் போனது. அங்கே அகலமான ரயர் நாலு, இருநூற்றறுபத்தைந்து சைஸ், சித்திரை மாதத்திலிருந்து கிடந்தன. ஓடர் கொடுத்தவன் பிறகு வரவேயில்லை. வேறு யாரும் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மேல்தட்டில் ஒடுக்கமான இருநூற்று முப்பத்தைந்தும் நாலு இருந்தன. உயரம் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒடுக்கமான ரயர் பனியைக் கீறிக்கொண்டு போய் றோட்டைப் பிடிக்கும்; அகலமானது பனிக்கு மேலே வழுக்கும். இது குகதாசனுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒடுக்கமானதைச் சாமான் ஏற்றுகிற எந்த வான்காரனும் வாங்குவான். அகலமானதை இப்படி ஒரு ஆசைக்காரர் தலையில்தானே கட்டலாம்?

“அகலந்தான் பீற்றர். அகலம் எண்டால் பிடி கூட. தூக்கின ஜீப்புக்கு வடிவாயும் இருக்கும்.”

கடையில் ரயர் கழட்டிப் பூட்டும் சேஷாத்ரி திருச்சிக்காரர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள்.

“அண்ணே, பனிக்கு ஒல்லியா இருந்தாத்தானே...”

“சேஷாத்ரி, நீர் போய் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும்.”

சேஷாத்ரி போனார். போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

குகதாசன் கெட்டவர் அல்ல. அரிச்சந்திரனும் அல்ல. படம் காட்ட வாங்கிய ஜீப். பனி கொட்டினால் வீட்டு வாசலில்தானே நிற்கப்போகிறது என்று தன் மனச்சாட்சிக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அன்று அவருக்கு வேறு கவலை இருந்தது. 2009 டிசம்பர், வெள்ளிக்கிழமை. விடிந்தால் சனி, டயலிசிஸ் நாள். இரண்டு கிட்னியும் கைவிட்டு ஒன்றரை வருடம். கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போன பெப்ரவரிப் பனியில் பஸ்ஸும் ஓடவில்லை, அந்தக் காரும் வரவில்லை. ஒரு தரம் தவறியதற்கே மூச்சு முட்டி, ஸ்ரெச்சரில்தான் போய்ச் சேர்ந்தார். இன்னொருமுறை தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதைச் சேஷாத்ரியைத் தவிர கடைப்பக்கம் யாரிடமும் அவர் சொன்னதில்லை. நோயாளி என்று தெரிந்தால் சனம் வேறு கடை தேடும் என்று பயம். யாரிடமும் போய் உதவி கேட்கவும் வாய் வராது.

நாலு ரயரும் பூட்டியாயிற்று. ஜீப் இப்போது மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது. குகதாசனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பீற்றர் முன்கதவைத் திறந்தார். “அண்ணை, ஒருக்கால் ஏறி இருந்து பாருங்கோ.”

“நான் ஏனப்பா?”

“உயரம் சரிவருமோ எண்டு பாக்கவேணும். ஏறேலாட்டில் ஒரு படி பூட்டுவிக்கலாம்.”

“எனக்கோ?”

பீற்றர் தலையைச் சொறிந்தார்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. என்ரை மனிசி மேரிறோஸுக்கு நீங்கள் போற டயலிசிஸ் வார்ட்டிலைதான் துப்புரவு வேலை. பெப்ரவரியிலை உங்களை ஸ்ரெச்சரிலை கொண்டுவந்ததைப் பாத்துப்போட்டு வீட்டை வந்து அழுதவள். அடுத்த பனிக்கு அண்ணையை நாங்களாவது கொண்டுபோய் விடவேணும் எண்டு ஒரே பிடியா நிண்டாள். எங்கடை சின்னக் காரை நம்பேலாது. அதுதான் இதைத் தேடிப் பிடிச்சனான். நீங்கள் ஆருக்கும் சொல்லாத விசயம் எண்டபடியால் நானும் வாய் திறக்கேல்லை. நாளைக்குக் காலமை ஆறரைக்கு உங்கடை வாசலிலை நிப்பன்.”

குகதாசன் கதவைப் பிடித்தபடி நின்றார். இந்த மனிதனைப் பார்த்தா சிரித்தேன் என்று வெட்கமாக இருந்தது. குனிந்து அந்த அகல ரயர்களைப் பார்த்தார். வெட்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது.

“சேஷாத்ரி! நாலையும் கழட்டும். மேல்தட்டிலை இருக்கிறதைப் போடும்.”

சேஷாத்ரி ஜாக்கை எடுத்தார்.

பீற்றருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏன் அண்ணை? அகலந்தான் பனிக்கு நல்லதெண்டு இப்பத்தானே சொன்னியள்?”

“அது... நான் ஏறாத ஜீப் எண்டு நினைச்சுச் சொன்னது, தம்பி.”