நறுமுகை தட்டிய கை

சென்னையின் அந்தப் பெரிய சபாவில் எல்லோர் காதிலும் ‘திருத்தி’ என்ற கருவி இருந்தது. பாடகியின் குரலில் பிசிறு விழுந்தாலும் அது சரிசெய்தே நமக்குத் தரும். என் ஆறு வயது மகள் நறுமுகை மட்டும், "காது அரிக்குதும்மா" என்று கழற்றிவிட்டாள்.

பாட்டின் நடுவே திடீரென எழுந்து கைதட்டினாள்.

"பிள்ளைய அடக்குங்கம்மா, வெளிய அனுப்பிருவாங்க" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். நான் அவளை இழுத்து உட்காரவைத்தேன்.

"இப்ப எதுக்குடி தட்டின?"

"மேல போறப்ப அவங்களுக்குக் குரல் உடைஞ்சிருச்சும்மா. மறுபடியும் உடைஞ்சுது. அப்புறம் பிடிச்சிட்டாங்க!"

எங்களுக்கு அந்த வரி மூன்று முறையும் ஒன்றுபோலவே கேட்டிருந்தது. மேடையில் பாடகி கண் கலங்க இவளைப் பார்த்துக் கைகூப்பினார். அத்தனை பேரில் அவர் பாடியதைக் கேட்டவள் என் மகள் ஒருத்திதான்.

நானும் திருத்தியைக் கழற்றினேன்.

"தட்டு கண்ணு, இன்னும் பலமா!"