மேட்டில் இழுக்காத கார்

மூன்றே மாதத்தில் இரண்டாவது கிளச் பிளேட்டும் பல்லிளித்துவிட்டது. மெக்கானிக் அதைத் தூக்கிக் காட்டினார். கருகிய வாடை பட்டறை வாசல்வரை வந்தது.

"இது பிளேட்டா, அடுப்புக் கரியா?" என்றார் ஆசான். "டூப்ளிகேட் சாமானை என் தலையில கட்டிட்டீங்க."

ஆசான் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகையில் அந்தப் பட்டம் ஒரு முழ உயரத்தில் இருக்கும். 'முப்பது ஆண்டு அனுபவம். அச்சத்துக்கு விடை கொடுங்கள்' என்று அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

பள்ளியின் மொத்தச் சொத்தும் இந்த ஹேட்ச்பேக் கார்தான். உரிமம் எடுக்கிற வயது அதற்கே வந்துவிட்டது, பதினெட்டு முடிந்திருந்தது. பழகுகிறவர்களுக்கான வண்டி என்பதால் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக்கும் ஒரு கிளச்சும் இருந்தன.

"ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு, பெட்ரோல் லைனைக் கழட்டி ஊதியாச்சு." மெக்கானிக் விரல்களை மடக்கினார். "நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுத்திப் பாத்தேன், பிரேக் எங்கயும் பிடிக்கல. காலைல புது பிளேட் போட்டு, நானே தனியா டெஸ்ட் மேட்டுல ஏத்தினேன். சிட்டாப் பறக்குது."

"நான் இல்லாதப்ப மட்டும் பறக்குதாக்கும். ஏன், காருக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறா?"

"சாமான்ல குத்தம் இல்லீங்க. யாரோ கிளச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க. அரைகுறையா அமுத்தி வச்சா பிளேட் வழுக்கும். இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது."

ஆசானின் பார்வை மெதுவாகத் திரும்பி, பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த பெண் மேல் நின்றது.

இரண்டு முறை தேர்வில், அதே மேட்டில், காரை நகர்த்த முடியாமல் தோற்றவள் அவள். இன்று பதினொரு மணிக்கு மூன்றாவது தடவை. ரத்த வங்கியில் வண்டி ஓட்டும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஆனால் திங்கட்கிழமைவரைதான் காத்திருக்கும். உரிமம் இல்லாமல் போனால், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"நான் வைக்கல சார். கியர் விழுந்ததும் எடுத்துடறேன்."

"எல்லாரும் இதேதாம்மா சொல்றாங்க. பயம்! பயந்த கால் எங்க போய் நிக்குதுன்னு அந்தக் காலுக்கே தெரியாது," என்றார் ஆசான்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கே தன் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வழக்கமாகத் தேர்வு அதிகாரிகள் மேட்டின் உச்சியில் குடை பிடித்து நின்றபடி பார்ப்பார்கள். இன்று வந்தவர் புதியவர். எழுதும் அட்டையோடு பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆசான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தம் முப்பது ஆண்டு அனுபவத்தை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதி மேட்டில் வெள்ளைக் கோடு. அங்கே நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும், அதுதான் தேர்வு. அவள் நிறுத்தினாள். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி வந்து, இரண்டு கஜ தூரத்தில் மூச்சிரைத்து நின்றது.

அவள் இடது காலின் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். முதல் கியர் போட்டாள். வலது காலால் அக்சிலேட்டரை அழுத்தியபடி கிளச்சை விட்டாள், ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். பிறகு அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்து, இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்துக்கொண்டாள்.

இன்ஜின் அலறியது. கார் நடுங்கியது. ஒரு சாண் பின்னால் வழுக்கியது.

லாரி ஹாரன் அடித்தது.

"மிதிம்மா! நல்லா மிதி!" மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியபடி ஆசான் முழங்கினார். "அக்சிலேட்டர் உன் கால கடிச்சிடாது!"

அவள் தரை தொடும்வரை மிதித்தாள். இன்னொரு சாண் பின்னால் போயிற்று. காலையில் பட்டறையில் வந்த அதே கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. அவள் ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்தாள்.

"பாத்தீங்களா சார்? கிளச்ச விடவே மாட்டேங்குது இந்தப் பொண்ணு," என்று ஆசான் தலையை மட்டும் பின்னால் திருப்பினார். "தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியாச்சு. சிலருக்கு வண்டி வராது சார். என் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு."

"என் கால் அங்க இல்ல சார்," என்றாள் அவள். "சத்தியமா இல்ல."

அதிகாரியின் பேனா 'தோல்வி' என்ற சொல்லில் பாதியை எழுதிவிட்டிருந்தது. அவர் அட்டையை மடியில் வைத்துவிட்டு, முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினார். முதலில் அவள் பக்கம் குனிந்து பார்த்தார். வெறுங்கால் இருக்கைக்கடியில் விரல் மடங்கிக் கிடந்தது.

பிறகு இன்னொரு பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதிய பாதிச் சொல்லைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"கிளச்சுலேர்ந்து உங்க கால எடுங்க, ஆசானே."