அப்பாவின் மூச்சு

மூச்சை அளக்கும் அந்தக் கையடக்கக் கருவியை ஜெனிட்டா பெங்களூரிலிருந்து அப்பாவுக்காக அனுப்பியிருந்தாள். ஊதினால் அளவு அவள் போனுக்குப் போய்விடும். "பலூன் ஊதுற வயசா எனக்கு?" என்று எபநேசர் அதைத் தொடவே இல்லை. மகள் கவலைப்படுவாளே என்று, அவருக்குத் தெரியாமல் அவர் மனைவி ரோஸ்லின்தான் தினமும் ஊதிவந்தாள்.

ஒரு நாள் ஜெனிட்டா அழுதுகொண்டே அழைத்தாள். "அப்பாவுக்கு அளவு குறைஞ்சுக்கிட்டே போகுதும்மா. டாக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு."

ஸ்பீக்கரில் கேட்ட எபநேசருக்கு, தான் ஊதாத அளவு எப்படிப் போனது என்று யோசிக்கக்கூடத் தோன்றாமல், ரோஷம் வந்தது. "எனக்கா குறையுது?" கருவியை எடுத்து ஒரே மூச்சாக ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது.

"நல்லவேளை, ஒண்ணுமில்லம்மா. அப்பா நல்லாத்தான் இருக்காரு," என்றாள் ஜெனிட்டா.

"ஆமா," என்றாள் ரோஸ்லின். கருவியை முந்தானையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடி பொருந்தும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.