யாம்னாவின் சத்து மாத்திரை

மெக்னெஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஹயாத்துக்கு மறுபடியும் ஊசி போட்டாயிற்று. வலிப்பு நிற்கவில்லை. டாக்டர் நுஸ்ஹா அலுப்போடு மாமியார் யாம்னாவின் பக்கம் திரும்பினாள்.

“என்னம்மா சாப்பிட்டா?”

“உடம்பு ஓஞ்சு போச்சுன்னு என் சத்து மாத்திரையை ஒரு கை அள்ளிப் போட்டுக்கிட்டா. வேற ஒண்ணுமில்ல, டாக்டரம்மா.”

“சத்து மாத்திரைக்கு இப்படி வெட்டி இழுக்காது. மறைச்சீங்கன்னா மருமகள் பிழைக்க மாட்டா.”

வாசலில் நின்ற மகன் காதில் விழாமல் யாம்னா முணுமுணுத்தாள். “அது காச நோய் மாத்திரை. எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடுற வீடு. ஒதுக்கி வெச்சிடுவாங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்.”

“சிஸ்டர்! பி6 ஊசி இருக்கிறதெல்லாம் கொண்டு வாங்க!”

“அது என்ன மருந்து?” என்றாள் யாம்னா.

“வைட்டமின். அந்த மாத்திரையோட விஷத்தை இதுதான் முறிக்கும்.”

மருந்து ஏற ஏற வலிப்பு அடங்கியது. சாயங்காலம் ஹயாத் கண் திறந்தாள். யாம்னா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹயாத்துக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“முன்னாடியே சொல்லியிருந்தா வேளாவேளைக்கு நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே, அத்தை. ஏன் தனியா கிடந்து அல்லாடுனீங்க?”