முதலாளி கூட்டிவந்த சாட்சி

"இந்த மரத்த இண்டைக்கே வெட்டிப்போடுங்க சேர்! உங்களுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும்!"

ஓடைக்கரையில் நின்ற பெரிய மருத மரத்தைக் காட்டி, சீதேவிப்பிள்ளை அழாத குறையாகக் கத்தினாள். பக்கத்தில் நின்ற மர வியாபாரி வினாயகமூர்த்தி முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரத்தை ஒட்டிய வீட்டு வளவுக்காரி என்று அவளைச் சாட்சிக்குக் கூட்டி வந்தவரே அவர்தான்.

பழுகாமத்துக் காட்டில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று வன அதிகாரி ஸாஹிர் அன்று குறி போட வந்திருந்தார். வெள்ளை வளையம் போட்டால் வெட்டலாம், சிவப்புப் போட்டால் தொடக்கூடாது. மற்ற மரங்களெல்லாம் முடிந்துவிட்டன. இழுபறி இந்த மருதில்தான். இருப்பதிலேயே பெருத்த மரம், முதலாளிக்கு அதன்மேல் ஒரே கண்.

"ஊர்ச்சனமே வெட்டச் சொல்லுது. பிறகென்ன சேர் யோசினை?" என்றார் வினாயகமூர்த்தி.

"பொறுங்க முதலாளி. அக்கா, மரத்தால உங்களுக்கு என்ன தொல்லை?"

"வௌவால் சேர்! கொத்துக் கொத்தாத் தொங்குது. ஒரு சீலை காயப்போட ஏலாது."

"வௌவால் தங்குற மரத்த வெட்டப்படாதே. வேற?"

"வேர் சேர்! கரை முழுக்க ஓடிக் கிடக்கு. மாரி வெள்ளத்துக்கும் கரை அசையுதில்ல. தோணி இழுத்துவிட ஒரு இடமில்ல."

"அப்ப கரையக் காப்பாத்துறதும் இதுதான். வேற?"

"விதை சேர்! வளவெல்லாம் மருதங்கண்டு முளைச்சு, புடுங்கிப் புடுங்கியே கை போச்சு."

"விதை மரம் எண்டா விட்டுத்தான் ஆகணும்."

முதலாளியின் முகம் கறுத்தது. "வாய மூடு புள்ள!" என்று பல்லைக் கடித்தார். தான் கூட்டி வந்த சாட்சியைப் பொய்யென்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

ஸாஹிர் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "வேற ஒண்டும் இல்லையா அக்கா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இதுக்கு மேல என்ன சேர் வேணும்?" அவள் மூக்கைச் சிந்தினாள்.

மருதில் சிவப்பு வளையம் ஏறியது. வினாயகமூர்த்தி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தன் வான் வண்டியின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு புறப்பட்டார்.

வான் கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்த ஸாஹிர், சீதேவிப்பிள்ளையிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அவ்வளவு சொல்லித் தந்தும் தேன்கூட்ட மறந்திட்டீங்களே, அக்கா!"