ஏழு மோட்டார், ஒரு புள்ளி

கணக்குப் போட்டுத் திருடனைப் பிடிக்க ஸ்டேஷனுக்கொரு கணித அதிகாரியை அரசு நியமித்த 1994-இல், பெர்சிஸ் தாமிரபரணிக் கரையில் ஒரு ஸ்டேஷனில் சேர்ந்தாள். இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாள் அவளுக்கு நாற்காலிகூடப் போடவில்லை.

“வாய்ப்பாடு சொன்னா திருடன் வந்துருவானோ, டீச்சரம்மா?”

அந்த மாதம் வயல்களில் ஏழு பம்புசெட் மோட்டார்கள் களவுபோயிருந்தன. பெர்சிஸ் நின்றபடியே வரைபடத்தை விரித்தாள். களவு நடந்த ஏழு இடங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டு, திருடனின் இருப்பிடத்தில் புள்ளி வைத்திருந்தாள்.

ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். “ஏலே, இங்கன வந்து பாருங்கலே! புள்ளி என் வீட்டு மேல இருக்கு! இதுக்கு ஒரு படிப்பு, ஒரு உத்தியோகம்!”

ஏட்டுகளும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பெர்சிஸ் காத்திருந்தாள்.

“கணக்கு நேத்தே முடிஞ்சிட்டு, சார். எஸ்.பி. ஐயா இப்ப உங்க மாட்டுத் தொழுவத்துலதான் நிக்காங்க. ஆறு மோட்டார்தான் இருக்காம். ஏழாவத எங்க வித்தீய?”