இரண்டாவது கையெழுத்து

"உங்களை விட்டா இந்த விஷயத்துக்கு எங்களுக்கு வேற ஆளே இல்ல மேடம்" என்றார் ஆய்விதழின் உதவியாசிரியர். ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற களைப்பு தொலைபேசியிலேயே தெரிந்தது.

"அதில்ல சார், இந்தக் கட்டுரை வந்து..."

"யார் எழுதினதுன்னு மட்டும் கேட்டுடாதீங்க. எனக்கே தெரியாது. பேரை எடுத்துட்டுத்தான் எங்க கைக்கே வரும்."

அவர் நிறுத்தவில்லை. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் நடத்தும் இதழ் அது. ஒவ்வொரு கட்டுரையையும் விஷயம் தெரிந்த இரண்டு பேர் படித்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். இந்தக் கட்டுரை குளத்து நத்தைகளைப் பற்றியது. ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார். இன்னும் மூன்று பேர், நத்தையைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் புரட்டி, அதில் அதிக தடவை வந்த பெயர் அவளுடையது என்று கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை அவளுக்கு அனுப்பியிருந்தார்.

"எழுதினவங்க ஒப்பந்த ஆசிரியையாம் மேடம். இந்த இதழ்ல வந்தாத்தான் வேலை நீடிக்குமாம். அவசரம்னு சீட்டு ஒட்டி வந்திருக்கு. சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடுங்க, புண்ணியமாப் போகும்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். மேசையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் ஒரு கட்டு. அதன்மேல் அந்தக் கட்டுரை. இரண்டு நாளாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்து பார்த்தார். கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் சரக்கு எண்ணி ஓய்வு பெற்றவர்.

"ஞாயித்துக்கிழமையும் விடமாட்டானுங்களாம்மா?"

அவள் விவரத்தைச் சொன்னாள். அவருக்கு மனசு இளகிவிட்டது. யார் பெத்த பிள்ளையோ, ஒரு கையெழுத்தில் பிழைத்துப் போகட்டுமே என்றார். உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றும் கேட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போட முடியுமா மாமா? அட்டவணை மட்டும் ஒரு தடவை பார்த்துடலாம். நீங்க எண்ணை வாசிங்க, நான் கூட்டறேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். மூன்றாவது அட்டவணை. ஒவ்வொரு குளத்திலும் பொறுக்கிய நத்தை ஓடுகளின் அளவுகள். கிடங்கில் மூட்டை எண்ணுகிற அதே ராகத்தில் வாசித்துக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார்.

"முப்பத்தொண்ணு, இருபத்தெட்டு, முப்பத்தாறு... ஏம்மா, இதை இப்பத்தானே வாசிச்சேன்?"

அவள் எட்டிப் பார்த்தாள். ஆறாவது குளத்தின் எண்கள் அப்படியே ஒன்பதாவது குளத்திலும் இருந்தன. பதினெட்டு ஓடுகள். மறுபடி கூட்டினாள். மறுபடியும் அதேதான் வந்தது.

"பதினெட்டு ஓடு ரெண்டு தடவை வந்திருக்கு" என்றாள் மெதுவாக.

"அதனால அவங்க சொல்ற முடிவு மாறிடுமா?"

"எடுத்த எடுப்புல சொல்ல முடியாது. ஒன்பதாவது குளத்துக்குப் போய் முதல்லேருந்து அளக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம்."

"அதுக்குள்ள வேலை போயிடுமே." அவர் முகம் சின்னதாகிவிட்டது. "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். மூட்டை எண்ணின புத்தி, எங்க போனாலும் விடமாட்டேங்குது. இதை எத்தனை பேர் படிக்கப் போறாங்க?"

"மிஞ்சிப்போனா எட்டுப் பேர்."

"அந்த எட்டுப் பேரும் கூட்டிப் பார்ப்பாங்களா?"

"மாட்டாங்க மாமா."

அவர் கண்களை மூடிக் கைகூப்பினார். முகம் தெரியாத யாருக்காகவும் வேண்டிக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் இப்படித்தான்.

"கடவுளே, அந்தப் பொண்ணு யாரோ எவளோ. என் வாயால அவ சாப்பாட்டுல மண் விழுந்துடக் கூடாது. அவளுக்கு ஒரு வழி காட்டு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு கணினியைத் திறந்தாள். மூன்றாவது அட்டவணையில் பிழை இருக்கிறது, இந்த நிலையில் அச்சிட வேண்டாம் என்று எழுதினாள். பிழை எந்த வரிசையில் என்பதையும், அதை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் பொறுமையாக எழுதினாள்.

"ஒரு வரி சேர்த்துக்கோம்மா. எழுதினவங்க வேணும்னு செஞ்சதில்ல, களைப்புல வந்த தப்பு, வேலையில கை வைக்காம ஒரு மாசம் தவணை குடுங்கன்னு."

அவள் அதையும் தட்டினாள். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு, வேறு ஏதோ எழுதினாள்.

"ஏன் அழிச்சே?" அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் தெரிந்தது. "தப்பைச் சொன்னே, சரி. ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட மனசு வரலியா உனக்கு?"

"அதை நான் கேட்கக் கூடாது மாமா."

"வேற யாரு கேட்பாங்க?"

அவள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியை, எண்களை வாசித்ததைப் போலவே ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்:

"இதற்கு மேல் இதை வேறு யாருக்காவது அனுப்புங்கள், இந்தக் கட்டுரையை எழுதியது நான்தான்."